வெறுந்தட்டு

"நான் உங்க மனைவியா, ஐயா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

கேட்டவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கட்டிலில் கிடந்த தராசுக்காரருக்கு எழுபத்திரண்டு. அவருடைய இடது கை அவளுடைய உள்ளங்கைக்குள் இருந்தது. அந்தக் கை சற்று யோசிப்பதுபோலக் கிடந்துவிட்டு, பிறகு பார்க்கிறவர்களுக்கும் தெரியும்படி நன்றாக அழுத்தியது. அழுத்தினால் ஆமாம் என்று அர்த்தம்.

கதவோரம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆசையைப் பாரு கிழவருக்கு! நாப்பத்தாறு வருஷம் ஒருத்திகிட்ட மாட்டிக்கிட்டது போதலையாம்."

அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் கண்ணைக் கையிலிருந்து எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவள் அவள். இந்த வீட்டுக்கு இன்றுதான் முதல்முறை வருகிறாள்.

"இப்போ வெளியில மழை பெய்யுதா, ஐயா?"

ஜன்னல் வெயில் கட்டில் கால்வரைக்கும் வந்து கிடந்தது. கை அழுத்தியது.

"உங்களுக்குப் பன்னிரண்டு பிள்ளைங்களா?"

அழுத்தியது.

மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உதடு மட்டும் சிரித்த கோலத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது, விருந்தாளி போன பிறகும் சுருட்டாமல் விட்ட பாயைப் போல.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் அதோடு போயிற்று. மூடின கடையைப் பார்த்தால்கூட நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிற மனுஷன் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஒரு நர்ஸ் அவருடைய இடது கையை எடுத்து மனைவியின் கையில் வைத்து, "ஆமான்னா அழுத்தச் சொல்லுங்க, இல்லைன்னா சும்மா வச்சிருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். அங்கிருந்து இவள் கொண்டுவந்த மருந்திலெல்லாம் வேலை செய்தது அது ஒன்றுதான். மத்தியானத்தில், "பசிக்குதா?" அழுத்துவார். கழுத்தில் வியர்வை வழியும்போது, "ஜன்னலைத் திறக்கட்டுமா?" அழுத்துவார். ஒரே பக்கமாக ரொம்ப நேரம் கிடந்தபின், "திருப்பிப் படுக்க வைக்கட்டுமா?" அழுத்துவார். ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனாள். "பேச்சுத்தான் போச்சு, புத்தி அப்படியே இருக்கு. நேத்துக்கூட நாலு விஷயம் பேசினோம்" என்பாள். பேசினோம் என்றுதான் சொல்வாள்.

கீழ்வீட்டுத் தையல்காரர் வந்து, "என்னைத் தெரியுதா அண்ணே?" என்று கையைப் பிடித்தார். அந்தக் கை அழுத்தின அழுத்தத்தில் தையல்காரர் குலுங்கி அழுதார். அழுது முடித்துவிட்டு, வந்தது வந்தோம் என்று, "கடையைத் தெரு மூலைக்கு மாத்திடலாமா அண்ணே?" என்றும் ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் அழுத்தல் கிடைத்தது. அடுத்த வாரமே தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டார்.

இத்தனையிலும், 'இல்லை' என்று வரவேண்டிய கேள்வி ஒன்றை அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்? பசி நேரத்தில் பசிக்கிறதா என்று கேட்பார்களா, சாப்பிட்டு ஏப்பம் விட்டபின் கேட்பார்களா? கை சும்மா கிடந்த நேரமும் உண்டுதான். அப்போதெல்லாம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படிக் கேட்டுச் சோதிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். தராசு ரிப்பேருக்கு வந்தால் மூன்று சோதனை வைப்பார். முதலில் வெறுந்தட்டு, ஒன்றும் வைக்காதபோது முள் நடுவில் நிற்கிறதா என்று. அடுத்தது எடைக்கல். கடைசியில் இரண்டு தட்டையும் இடம் மாற்றிப் பார்ப்பார். எடைக்கற்களைத் துடைத்து அடுக்குகிற வேலை இவளுக்கு. "சரின்னு காட்டுதேன்னு சந்தோஷப்படாதே மகாராணி," என்பார் இவளிடம். "தப்புன்னு காட்ட அதுக்குத் தெரியுமான்னு முதல்ல பாரு. தப்புச் சொல்லத் தெரியாத தராசு சரின்னு சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? உன் தம்பி மாதிரி." அவள் தம்பி யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். அவனுக்கு அவர் வைத்த பெயர் ஆமாஞ்சாமி.

"கிண்டல் பண்றாரும்மா," என்றாள் இப்போது. "இவரு இப்படித்தான். டாக்டர் நாக்கை நீட்டுங்கன்னா, எவ்வளவு தூரம்னு கேட்ட ஆளு."

"இருக்கலாம்மா." அந்தப் பெண் கையை மெதுவாகப் போர்வைமேல் வைத்தாள், உடைகிற பொருளை வைப்பதுபோல. "சில பேருக்குக் கேள்வி மாதிரி ஒரு குரல் கேட்டாலே கை தானா மடங்கும். அவங்களுக்குப் புரியலைன்னும் சொல்ல முடியாது, புரியுதுன்னும் சொல்ல முடியாது. புரிஞ்சும் கை சொன்னபடி கேக்காம இருக்கலாம். கிண்டலாவும் இருக்கலாம்."

"இதுல எதும்மா?"

"இன்னிக்குத் தெரியாதும்மா. ரெண்டு மூணு வாரம் தினமும் பார்க்கணும். படம் காட்டி, வேற வேற மாதிரி கேட்டு…"

"நாலு மணிக்கு என் பொண்ணு வருதும்மா," என்றாள் இவள்.

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. "நல்லதுதானேம்மா, உங்களுக்கும் ஒரு துணை," என்று சொல்லி, பையை மாட்டிக்கொண்டு, அடுத்த வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அவளிடம் எதை என்று சொல்வது? ஒன்பது வருஷக் கதை.

ஒரே மகள். தகப்பனுக்கு அவள் இன்றைக்கும் பாப்பாதான். எடைக்கல்லை வைத்து விளையாடி வளர்ந்தவள், படித்து எடையளவு ஆய்வாளர் வேலைக்கே போனாள். அன்று தகப்பன் மூன்று மாடியும் ஏறி இறங்கி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம் ஒரு கடையில் திடீர்ச் சோதனை. சாமான் வைக்கிற தட்டுக்கு அடியில் ஒரு ஈயத்துண்டு ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்திருந்தது. வாங்குகிறவனுக்கு ஒவ்வொரு நிறுவையிலும் கொஞ்சம் குறையும். ஈயத்துக்குப் பக்கத்திலேயே பிறை மாதிரி ஒரு சின்ன முத்திரை. ரிப்பேர் செய்த தராசில் தகப்பன் குத்துகிற முத்திரை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவர் அந்தத் தராசைப் பிரித்து மாட்டியிருந்தார்.

மகள் அதை மறைக்கவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதிக்கொடுத்தாள். தகப்பனின் உரிமம் போயிற்று. அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பார்த்ததை எழுதியிருக்கா. சரிதான். பார்க்காததை யாரு எழுதுறது?"

"பார்க்காதது என்னன்னு நீங்க சொல்லுங்களேன்," என்றாள் மகள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எழுதுறதுக்கு முன்னாடி."

அவ்வளவுதான். முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதில் தகப்பனும் மகளும் ஒரே அச்சு. மகள் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். நான் செய்தேன் என்றும் அவர் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. மனைவியும் கேட்கவில்லை. மகள் கொண்டுவந்து காட்டிய போட்டோவை மட்டும் அவள் மறக்கவே இல்லை. ஈயத்தை வெட்டியிருந்த அழகு அவர் கை அழகு. மேலே பெயிண்டைப் பூசியிருந்த அலங்கோலம் அவர் கையில் வரவே வராது. ஒரு நாள் ஈயம் பெரிதாகத் தெரியும், ஒரு நாள் பெயிண்ட். செய்திருக்க மாட்டார் என்று தெரிந்துதான் இருக்கிறது, தெரிந்ததை எதற்குக் கேட்பது என்று சொல்லிக்கொள்வாள். தெரிந்திருந்தால் கேட்பதில் என்ன பயம் என்று உள்ளே ஒருத்தி திருப்பிக் கேட்பாள். ஐந்து மாதமாக அந்தக் கையிடம் உலகத்துக் கேள்வியெல்லாம் கேட்டவள், இதை ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

போன வாரம்தான் தைரியம் வந்து, "பாப்பாவை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். கை அழுத்தியது. திரும்பக் கேட்டாள், அழுத்தியது. நாலு தடவை கேட்டு நாலு தடவையும் அழுத்தினபின் மகளுக்குப் போன் போட்டாள்.

"அவரே கூப்பிட்டாரா? இல்ல, நீயா சொல்றியா? அவரா கூப்பிட்டாத்தான் வருவேன்னு அன்னிக்கே சொன்னேன்."

"அவரேதான்டி. அவர் கையால நாலு வாட்டி."

மகள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வரேன்மா. வந்து ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அவர்கிட்ட. அன்னிக்கு நான் கேக்காம விட்டதை. ஈயத்தை ஒட்டினது நீங்களான்னு. அதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும், போதும். ஆமான்னாலும் சரி. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

அன்றைக்கு இவளுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் கேட்பாள், கை அசையாமல் கிடக்கும், ஒன்பது வருஷத்து அழுக்கு ஒரு நிமிஷத்தில் கழுவிப் போய்விடும் என்று எண்ணி எண்ணி, மூன்று நாள் வீட்டைத் துடைத்தாள்.

இப்போது கட்டிலருகே உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் சொல்லிக்கொடுத்தபடியே முதலில் வெறுந்தட்டு. ஒன்றும் கேட்காமல் இருபது எண்ணினாள். கை சும்மா கிடந்தது. மனசுக்குள் ஒரு துளி வெளிச்சம்.

"நான் ஆம்பளையா?" என்றாள். அழுத்தியது.

"நமக்குக் கல்யாணம் நேத்துத்தான் ஆச்சா?" அழுத்தியது.

"ஏங்க, விளையாடாதீங்க. இது விளையாட்டில்ல. பாப்பா வரா. அவ ஒண்ணு கேப்பா. நீங்க செய்யலைன்னா அழுத்தக்கூடாது. அசையவே கூடாது. புரியுதா?"

அழுத்தியது.

புரிந்ததென்று அழுத்தினாரா, கேள்வி கேட்டதற்கு அழுத்தினாரா? முகத்தைப் பார்த்தாள். வலது கண்ணில் நீர் நின்றது. விழுந்த நாள் முதல் அந்தக் கண்ணில் எந்நேரமும் நீர் நிற்கும். அந்த இமை முழுசாக மூடாது. தூங்கினாலும் பாதி திறந்தே இருக்கும். சிரிக்கிற முகமா, கெஞ்சுகிற முகமா, வெறும் முகமா என்று சொல்லத் தெரியவில்லை. நாற்பத்தாறு வருஷம் பார்த்த முகம்.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. மகளைப் பற்றி அவள் நாலு தடவை கேட்கவில்லை, ஐந்து தடவை. முதல் தடவை கேட்டது போன் போட்டதற்கு முந்தின நாள் சாயங்காலம், விளக்குப் போடுவதற்கு முன்னால். "பாப்பாவை வரச் சொல்லட்டுமா?" கை அசையவில்லை. எவ்வளவோ நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று போர்வையை இழுத்துவிட்டு எழுந்து போனாள். பாதி திறந்த அந்தக் கண் தூங்கின கண்ணா, விழித்த கண்ணா? ஐந்து மாதத்தில் அந்தக் கை சொன்ன ஒரே 'இல்லை' அதுவாக இருந்தால்? அதைத்தானே அவள் கணக்கில் சேர்க்காமல் தூக்கிப் போட்டுவிட்டு, மறுநாள் காலை நாலு அழுத்தலை வாங்கி வைத்துக்கொண்டாள்?

இரண்டு மணிக்குத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். "பாப்பா வருதாமே அக்கா! அண்ணன் முகத்துல களையே வந்திருச்சு பாருங்க."

"கடை எப்படிப்பா போகுது?"

"மூலையில ஈ காக்கா வரல அக்கா. ஆனா பொறுமையா இருக்கேன். அண்ணன் சொன்னா அதுல ஒண்ணு இருக்கும்." கட்டிலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இல்லையா அண்ணே?"

போர்வைமேல் கிடந்த கை மெல்ல மடங்கி விரிந்தது. தையல்காரர் அகமகிழ்ந்து போனார். அவரிடமாவது சொல்லிவிடலாமென்று இவள் வாயெடுத்தாள். அதற்குள் அவர் செருப்பு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தது.

மணி மூன்று. அவள் தனக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். கை எதற்கும் ஆமாம் என்றுதான் சொல்லும் என்று மகளிடம் உடைத்துச் சொன்னால், அப்பா கூப்பிட்டதும் பொய் என்றாகிவிடும். வந்த காலோடு திரும்பிவிடுவாள். இன்னொரு ஒன்பது வருஷத்துக்கு அவருக்கும் உயிரில்லை, இவளுக்கும் இல்லை. சொல்லாமல் இருந்தால் மகள் கேட்பாள், கை ஆமாம் என்று அழுத்தும். செய்தாரோ செய்யவில்லையோ, தன் கையாலேயே தன்னைத் திருடனாக்கிக்கொள்வார், படுத்த படுக்கையில், மறுத்து ஒரு வார்த்தை சொல்ல நாக்கில்லாமல். இந்தப் பக்கம் போனால் பள்ளம், அந்தப் பக்கம் போனால் கிணறு.

கட்டிலின் இடது பக்கம் மரநாற்காலி கிடந்தது. எந்நேரமும் இவள் உட்காருகிற இடம். அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், என்ன தோன்றியதோ, எழுந்து அதைத் தூக்கினாள். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் போட்டாள். போர்வைக்குள்ளிருந்து அவருடைய வலது கையை எடுத்து மேலே வைத்தாள். செத்த கை. குளிர்ந்து, கனத்து, எதைக் கேட்டாலும் அசையாமல் கிடக்கிற கை. ஒருபக்கம் விழுந்துவிட்டது என்று மகளுக்குத் தெரியும். எந்தப் பக்கம் என்று போனில் சொன்ன நினைவில்லை. இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டால் பதில் 'இல்லை' என்றுதான் வரும்.

நெஞ்சு லேசாயிற்று. ஒரு நிமிஷம்தான். பிறகு அந்த நாற்காலியை உற்றுப் பார்த்தாள். தட்டுக்கு அடியில் இப்படித்தான் ஈயம் போகிறது போலும். பணத்தாசை பிடித்தவன்தான் ஒட்டுவான் என்றில்லை. முள் தனக்கு வேண்டிய இடத்தில் நிற்கவேண்டும் என்று தவிக்கிறவள் ஒருத்தி போதும். அவரா செய்தார் என்று ஒன்பது வருஷம் தடுமாறியவள், இதோ, தான் செய்துவிட்டு நிற்கிறாள், பட்டப்பகலில்.

நாற்காலியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனாள். போட்டதும், "ஆமா" என்று அழுத்துகிற விரல்கள் கண்முன்னே வந்தன. திரும்பத் தூக்கினாள். தூக்கிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தபோது அழைப்பு மணி அடித்தது. அங்கேயே போட்டுவிட்டுப் போனாள்.

மகளுக்கு முன்நெற்றியில் நரை கண்டிருந்தது. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கினாள். "லிஃப்ட் இன்னும் சரியாகலையா?"

"நீ போனப்புறம் ரெண்டு வாட்டி சரியாச்சு, மூணு வாட்டி கெட்டுப்போச்சு," என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்து, முடியாமல், கட்டிக்கொண்டார்கள். மகளின் தோளில் முகத்தை வைத்தபடியே, "பாப்பா, உள்ளே போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்…" என்று தொடங்கினாள்.

"அழாதேம்மா. அப்புறம் பேசலாம்."

"இன்னிக்கு வேண்டாமே. அசதியா இருக்கார். நாளைக்குக் கேளேன்."

"ஒன்பது வருஷமா நாளைக்கு நாளைக்குன்னுதான் இருந்தேன்." மகள் பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது இவளுக்கு. வருகிறவள் ஆய்வாளர். தராசுக்காரர் மகள். வெறுந்தட்டைப் பார்க்காமல் எடை போட மாட்டாள். ஏடாகூடமாக ஒன்றைக் கேட்டுச் சோதித்துவிட்டுத்தான் முக்கியமானதைக் கேட்பாள். கேட்டால் தானாகத் தெரிந்துகொள்வாள். தான் சொன்னதாக இருக்காது.

மகள் அறைக்குள் போய்க் கால்மாட்டில் நின்றாள். விட்டுப் போனபோது கதவளவு இருந்த மனுஷன் இப்போது போர்வைக்குள் ஒரு மடிப்பாகக் கிடந்தார். "அப்பா," என்றாள். "பாப்பா வந்திருக்கேன். தெரியுதாப்பா என்னை?"

போர்வைமேல் இரண்டு கையும் கிடந்தன. அவளுடைய கண்ணீரில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. எதையும் சோதிக்கவில்லை. மகளாக வந்திருந்தாள், ஆய்வாளராக வரவில்லை. கால்மாட்டில் கிடந்த நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"எந்தக் கைம்மா?"

அம்மா வாயைத் திறந்தாள். நாற்காலி மகளின் கையில் அந்தரத்தில் நின்றது. வெயில் கட்டில் காலை விட்டு ஏறிப் போர்வைக்கு வந்திருந்தது, இரண்டு கையின்மேலும் ஒரே அளவாக விழுந்திருந்தது. கேள்வியின் குரலைக் கேட்டுவிட்ட இடது கை, பிடிக்க யாரும் இல்லாமலே, வெறும் காற்றின்மேல் மெல்ல மடங்கத் தொடங்கியது. மகள் அதைப் பார்க்கவில்லை. அவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.